நாலு மாதத்தில் ரெண்டே கிலோ: கணக்கு எங்கே உதைக்கிறது?

9 ஜூன் 2024, காலை

பிப்ரவரி 10ஆம் தேதி எடை 78.4 கிலோ. இன்று 76.3. இடையில் நாலு மாதம். இந்த நாலு மாதமும் இரவில் சோறு இல்லை, இரண்டு சப்பாத்திதான். சீனியை விட்டாயிற்று. பரோட்டாவைத் தொடவில்லை. மதுரையில் இருந்துகொண்டு பரோட்டாவை விடுவது என்னவென்று மதுரைக்காரர்களுக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் எந்தத் தெருவில் நடந்தாலும் கொத்துக்கரண்டிச் சத்தம் கூடவே வரும். விடிகாலை 5.15க்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நாலு சுற்று. மழையால் நின்றது மூன்றே நாள்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் 16 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது 7,700 கலோரி என்கிறார்கள். தினமும் 500 குறைத்தால் 120 நாளில் 60,000. அப்படியென்றால் 7.8 கிலோ இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 2.1. மீதி 5.7 கிலோ எங்கே? என் உடம்புவாகே இப்படித்தானா, இல்லை கணக்கு எங்கேயாவது உதைக்கிறதா? "மனசைத் தளரவிடாதீங்க" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். பட்டவர்கள் எழுதுங்கள்.

9 ஜூன் 2024, இரவு

கேட்டவர்களுக்கு: வயது 43, உயரம் 154 செ.மீ. தைராய்டு பார்த்தாயிற்று, டிஎஸ்ஹெச் 3.1, கோளாறு இல்லை. மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் வந்து நிற்கிறது. ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி 6.1. அது 6.5ஐத் தொட்டால் சர்க்கரைக்காரி.

நான் ஆரம்பித்ததே இதற்காகத்தான். அப்பாவுக்கு 52 வயதில் சர்க்கரை வந்தது. செருப்புக் கடித்த ஒரு புண் ஆறாமல் இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். தினமும் சாயங்காலம் நான்தான் கட்டு மாற்றுவேன். பஞ்சை எடுக்கும்போது வலிக்கிறதா என்று கேட்பேன். "தெரியலையேம்மா" என்பார். வலி தெரியாததுதான் பயமே. அழகுக்காக இளைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துப் பதில் எழுதியவர்கள் இதையும் படித்துவிடுங்கள்.

12 ஜூன் 2024

சோற்றை அடியோடு விடச் சொல்லி ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள். விட மாட்டேன். மதியம் ஒரு வேளை சோறு சாப்பிட்டால்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். 100 கிராம் வெந்த சோறு ஏறத்தாழ 130 கலோரி. எண்ணெய் தடவிச் சுட்ட ஒரு சப்பாத்தியும் கிட்டத்தட்ட அதே அளவு வரும். சோறு என்ற பெயரைக் கேட்டாலே பயப்படுவதில் அர்த்தம் இல்லை, எத்தனை கரண்டி என்பதுதான் விஷயம்.

கொள்ளு பற்றி: "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது எங்கள் கடையில் கொள்ளு வாங்க வரும் எல்லாருக்கும் தெரியும். கொள்ளில் புரதம் 100 கிராமுக்கு 22 கிராம் போல இருக்கிறது, நார் இருக்கிறது, பசி தாங்கும். கொள்ளு ரசம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது உள்ளே போய்க் கொழுப்பைக் கரைக்காது. இதைச் சொன்னால் கொள்ளு வியாபாரம் கெடும் என்றால் கெடட்டும்.

23 ஜூன் 2024

ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் நேற்று எழுதிய ஒரே வரி என்னைத் தூங்கவிடவில்லை. "உன் வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வருகிறது?"

இதற்கு என்னிடம் எழுத்திலேயே பதில் இருக்கிறது. வீட்டுச் சாமான் எல்லாம் எங்கள் கடையிலேயே பற்றில் வாங்குவதால் பேரேட்டில் என் பெயருக்கும் ஒரு பக்கம் உண்டு. எழுதியதும் நானே. காலையில் முதல் வேலையாக அதைப் புரட்டினேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, நாலு மாதத்துக்கும் சராசரி மாதம் 6 லிட்டர். கடலெண்ணெய் 4, நல்லெண்ணெய் 2. நெய் தனி. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அத்தை, மகள் என்று நாலு பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 மில்லி, எடைக்கு 46 கிராம். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. 414 கலோரி வெறும் எண்ணெயில்!

நான் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கு, இரண்டு டீஸ்பூன், 90 கலோரி. நான் குறைத்ததாக நினைத்த 500இல் 320 இங்கேயே போயிற்று.

நம்பிக்கை வராமல் சாயங்காலம் சமையலறையில் ஒன்று செய்து பார்த்தேன். எங்கள் வீட்டில் மூக்கு வைத்த பித்தளைக் கிண்ணி ஒன்று உண்டு, அத்தை கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது. தோசைக்கு அதிலிருந்துதான் எண்ணெய் ஊற்றுவோம். கடையில் ஏலக்காய் நிறுக்கும் சின்னத் தராசைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். தோசைக்கல்லுக்குப் பதில் தராசின் மேல் ஒரு தட்டை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தினமும் ஊற்றுகிற மாதிரியே ஒரு சுற்று ஊற்றினேன். மூக்கில் தொங்கிய சொட்டும் விழுந்த பிறகு பார்த்தால் 11 கிராம். ஒரு தோசைக்கு. திருப்பிப் போட்டால் இன்னொரு அரைச்சுற்று உண்டு, அதை நிறுக்கவில்லை. நாலு தோசைக்கு 44 கிராம் எண்ணெய். தோசைமாவின் கலோரியைத்தான் இத்தனை நாளும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

டீச்சருக்குக் கோடி நன்றி.

24 ஜூன் 2024

திருத்தம். நல்லெண்ணெயில் சாமி விளக்குக்குப் போவதை நேற்று கழிக்கவில்லை. அத்தைதான் கண்டுபிடித்தார், "விளக்கு குடிக்கிற எண்ணெயையும் நீ குடிச்சதா எழுதிட்டியே தாயி" என்று. காலை மாலை விளக்கு, வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு எல்லாம் சேர்த்து மாதம் அரை லிட்டர் என்கிறார். ஆக 5.5 லிட்டர், ஆளுக்கு 46 மில்லி, 380 கலோரி. பொரித்த எண்ணெயில் மிச்சத்தைக் கொட்டுவதும் உண்டு, அதற்கு இன்னும் கொஞ்சம் கழிக்கலாம். 300க்குக் கீழே நிச்சயமாக வராது.

14 ஜூலை 2024

மூன்று வாரமாக வாயில் வைத்ததை எல்லாம் சிட்டையில் எழுதுகிறேன். கடைச் சிட்டை மாதிரியே, நடந்த உடனே வரவு வைக்க வேண்டும், ராத்திரி உட்கார்ந்து நினைத்து நினைத்து எழுதக் கூடாது என்று ஒரு விதி.

முதல் இடுகையில் "சீனியை விட்டாயிற்று" என்று எழுதியிருந்தேன். அது வீட்டுக் காபிக்கு மட்டும்தான் உண்மை. கடையில் 11 மணி, 1 மணி, 4 மணிக்கு டீ வரும், மூன்றும் சீனி போட்டுத்தான் வரும். அது என் கணக்கிலேயே இல்லாமல் இருந்திருக்கிறது. அப்புறம் மாதிரி. புதுச் சரக்கு வந்தால் அண்ணாச்சி எல்லாரிடமும் ஒரு கை கொடுத்து எப்படி என்று கேட்பார். முந்திரி, பொரிகடலை, பேரீச்சை, மண்டை வெல்லம். பத்து முந்திரி என்றால் 80 கலோரிக்கு மேல். மகள் தட்டில் மிச்சம் வைக்கும் அரை இட்லி, அடிச்சட்டியில் நிற்கும் ஒரு கரண்டி பொங்கல், உப்புப் பார்க்க உள்ளங்கையில் விட்டுக்கொள்ளும் குழம்பு. சோற்றைக் கொட்டினால் பாவம் என்று வளர்ந்தவள் நான். அந்த அரை இட்லியை நான் சாப்பிட்டதாக ஒரு நாளும் நினைத்ததில்லை, வீணாகாமல் காப்பாற்றியதாகத்தான் நினைத்திருக்கிறேன்.

படித்ததில் ஒன்று. 1992இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. நாளுக்கு 1,200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களை அழைத்து, அவர்கள் உடம்பு உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது என்று அளந்தார்கள். உடம்பில் கோளாறு இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உழைத்ததை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களை யாரும் பொய்யர்கள் என்று பேச வேண்டாம். என் பேரேட்டை நான் பார்த்திருக்காவிட்டால் நானும் சத்தியம் செய்திருப்பேன்.

15 ஜூலை 2024

இது நேற்று இரவு எழுதிய அந்தத் தங்கைக்கு. 800 கலோரியில் ஒன்றரை மாதமாக இருப்பதாகவும், முடி கொத்துக் கொத்தாக வருவதாகவும், எடை நின்றுவிட்டதால் 600 ஆக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நான் எழுதிய எண்ணெய்க் கணக்கைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்திருந்தால் என் மேல்தான் தப்பு.

1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது நாளுக்கு 1,570 கலோரி போல. உங்களைப் போல இரண்டு மடங்கு. அதிலேயே முடி உதிர்ந்தது, எந்நேரமும் குளிர்ந்தது, பேச்சும் நினைப்பும் சாப்பாடு பற்றியே ஆயிற்று, சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். திடகாத்திரமான ஆண்கள் அவர்கள். நாளைக்கே ஒரு டாக்டரைப் பாருங்கள், ரத்தசோகை இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்து இங்கே ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

6 ஆகஸ்ட் 2024

எடை 74.9 வரை இறங்கியது. இன்று 76.2!

உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கிடாவெட்டு. போகாமல் இருக்க முடியாது. கறிக்குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிட்டேன், இரண்டாம் தடவையும் வாங்கினேன், எழுதியிருக்கிறேன். அதற்காக இரண்டு நாளில் 1.3 கிலோவா? ஆறு வார உழைப்பு ஒரே பந்தியில் போயிற்றே என்று குடோனில் தராசு மேலேயே நின்று அழுதுவிட்டேன்.

(நான் எடை பார்ப்பது கடைக் குடோனில் மூட்டை போடும் பிளாட்பாரத் தராசில். வீட்டில் வாங்கிய தராசு கூடத்தில் ஒன்று காட்டும், அடுப்படியில் ஒன்று காட்டும். இது முத்திரை போட்ட தராசு, 50 கிராம் வரை சரியாகச் சொல்லும். சேலையைத் தனியாக நிறுத்து வைத்திருக்கிறேன், நூல் சேலை 550 கிராம். மூட்டைக்குச் சாக்கு எடை கழிப்பது போல அதைக் கழித்துவிடுவேன்.)

லோடு இறக்கும் அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டார். என்ன ஏது என்று கேட்டார், சொன்னேன். அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "ஏம்மா, வத்தல் மூட்டை மழைநாள்ல என்னமா கனக்கும்? வத்தலா கூடிருச்சு? ஈரம்தானே."

16 வருடமாக வத்தலுக்கு ஈரக்கழிவு எழுதுகிறவள் நான். ஐப்பசியில் வரும் மூட்டையும் சித்திரையில் வரும் மூட்டையும் ஒரே எடை என்று யாராவது பட்டியல் போட்டால் அடித்துத் திருத்துவேன். என் உடம்புக்கு மட்டும் அந்தக் கழிவு எனக்குத் தோன்றவில்லை.

6 ஆகஸ்ட் 2024, இரவு

மத்தியானம் எழுதியதன் தொடர்ச்சி. உடம்பு மாவுச்சத்தை ஈரலிலும் தசையிலும் கொஞ்சம் சேமித்து வைக்கும், 400, 500 கிராம் போல. ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். குறைத்துச் சாப்பிட்டால் அந்தச் சேமிப்பும் தண்ணீரும் சேர்ந்து இறங்கும். அதனால்தான் யார் ஆரம்பித்தாலும் முதல் வாரம் கிடுகிடுவென்று குறைகிறது. ஒரு நாள் வயிறாரச் சோறு சாப்பிட்டால் எல்லாம் திரும்ப ஏறும். கிடாக்கறிக் குழம்பின் உப்பு தன் பங்குக்குத் தண்ணீர் கட்டும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தின வாரம் இன்னொரு ஈரம். என் தேதியைப் பார்த்தேன், நாலு நாள்தான் இருக்கிறது.

1.3 கிலோ கொழுப்பு ஏற 10,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். கிடா முழுவதையும் நான் சாப்பிடவில்லை.

இனி தினமும் நிறுப்பேன், ஆனால் ஒரு நாள் எடையை எடையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஏழு நாள் கூட்டி ஏழால் வகுத்து, வார வாரம் ஒரே எண்.

19 ஆகஸ்ட் 2024

வாரச் சராசரி 74.6. ஈரம் இறங்கிவிட்டது.

28 செப்டம்பர் 2024

புரட்டாசி. கறி, மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் வராது. முட்டை நின்றதும் 11 மணிக்கே வயிறு கூப்பிடுகிறது, டீயோடு பிஸ்கட்டுக்குக் கை போகிறது. ஒரு வாரமாக ஏன் என்று புரியாமல் என்னையே திட்டிக்கொண்டு இருந்தேன். மகள்தான் சிட்டையைப் பார்த்துவிட்டு "அம்மா, ரெண்டு முட்டை எடுத்த இடத்துல நீங்க ஒண்ணுமே வைக்கலையே" என்றாள். இப்போது காலையில் முளைகட்டின பாசிப்பயறு ஒரு கிண்ணம், மதியம் தயிர் கூடுதலாக. கை அடங்கிவிட்டது.

20 அக்டோபர் 2024

நடை பற்றி எழுதாமலேயே தள்ளிக்கொண்டு வந்தேன். எழுத மனமில்லை, ஏனென்றால் நடைதான் என் பெருமை.

தெப்பக்குளம் ஏறக்குறைய 1,000 அடிக்கு 950 அடி. சுற்றி வந்தால் 1.2 கிலோமீட்டர். நாலு சுற்றுக்கு 4.8. என் செல்போன் இதற்கு 420 கலோரி என்று காட்டும். அதை அப்படியே சிட்டையில் எழுதி, அந்தத் தெம்பில் மதியம் ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்வேன். ஆனால் கையைக் காலை அசைக்காமல் அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் உடம்புக்கு ஒரு செலவு உண்டே, அதைக் கழிக்க வேண்டாமா? செல்போன் காட்டுவதே கூடுதல்; அதையும் இதையும் கழித்தால் என் எடைக்கு 200ஐ ஒட்டித்தான் வருகிறது. நடந்து முடித்து எங்கள் நடைக்கூட்டம் நாலு பேர் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு, வழியில் காபியும் ஒரு பருப்புவடையும். நடந்ததை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. காலையில் நடந்த அசதியில் மீதி நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முன்பெல்லாம் பட்டியல் கொடுக்கக் குடோனுக்கு நானே ஏறி இறங்குவேன். இப்போது பையனை அனுப்புகிறேன். 1999இல் வந்த ஒரு ஆய்வில் 16 பேருக்குத் தினமும் 1,000 கலோரி அதிகம் கொடுத்து எட்டு வாரம் பார்த்தார்கள். எடை அதிகம் ஏறாமல் தப்பியவர்கள் உடற்பயிற்சி செய்தவர்கள் இல்லை; சும்மா இருக்கும் நேரத்தில் எழுந்து, நடந்து, அசைந்துகொண்டே இருந்தவர்கள். அப்படியென்றால் குடோன் படிக்கட்டு எனக்கு இன்னொரு தெப்பக்குளம். பட்டியலை மறுபடியும் நானே கொண்டுபோகிறேன்.

நடையை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். விடியலில் அந்த மைய மண்டபத்துக்குப் பின்னால் வானம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டு நடக்கும் ஒரு மணி நேரம்தான் நாள் முழுவதிலும் எனக்கே எனக்கென்று இருப்பது. எடைக்காக இல்லை என்றாலும் நடப்பேன்.

21 அக்டோபர் 2024

முதல் இடுகையின் 7,700 கணக்கையே இப்போது திருத்த வேண்டியிருக்கிறது. 120 நாளும் ஒழுங்காக 500 குறைத்திருந்தாலும் 7.8 கிலோ வந்திருக்காது. எடை இறங்க இறங்க உடம்பின் செலவும் இறங்குகிறது. கனம் குறைந்த உடம்பைச் சுமந்து நடக்கக் குறைந்த எரிபொருள் போதும், அதற்கு மேலும் உடம்பு தானாகச் சிக்கனம் பிடிக்கும். அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் படுவேகமாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்து 2016இல் எழுதியிருந்தார்கள். அவர்கள் உடம்பு அப்போதும், இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. பெரும்பாலானவர்களுக்கு எடையில் நிறையத் திரும்ப ஏறியும் இருந்தது.

ஆகவே 5.7 கிலோ எங்கே என்று கேட்டதற்குப் பதில்: பாதி எண்ணெய்க் கிண்ணியில், கொஞ்சம் டீயில், மீதி எப்போதுமே வரவேண்டிய பாக்கி இல்லை. வராத பாக்கியை வரவேண்டியதாக எழுதி வைத்துக்கொண்டு நாலு மாதம் என்னையே கடன்காரியாக நடத்தியிருக்கிறேன்.

2 நவம்பர் 2024

தீபாவளிக்கு வந்த நாத்தனார், வாசற்படி ஏறும்போதே: "என்ன மதினி, டயட்னு சொன்னாக, ஒண்ணும் தெரியலையே?"

78.4இல் இருந்து 73.6க்கு வந்திருக்கிறேன். ஒன்பது மாதம். அதிரசத் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

4 நவம்பர் 2024

நிறையப் பேர் ஆறுதலாக எழுதியிருந்தீர்கள். இந்த முறை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

15 டிசம்பர் 2024

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.1 இப்போது 5.6. எடை 72.9தான். ஆனால் 5.6.

முடிவுத் தாளை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் கால்தான் கண்ணில் வந்தது.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள், இது வெளிநாட்டுக் கதை இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்துக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39.3 சதவீதம். இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது என்னவென்றால், மாற்றிக்கொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு சும்மா நின்றது, உள்ளே வேலை நடந்திருக்கிறது. இதை அந்த ஜூன் மாதம் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பேன்!

17 டிசம்பர் 2024

இடுப்பளவு கேட்டவருக்கு: 101 செ.மீ. இருந்தது, இப்போது 93. நம் ஊர்ப் பெண்களுக்கு 80ஐத் தாண்டினால் கவனம் என்கிறார்கள், ஆண்களுக்கு 90. அதனால் இன்னும் தூரம் இருக்கிறது. புனே டாக்டர் யாஜ்னிக், தானும் தன் இங்கிலாந்து நண்பரும் சேர்ந்து நிற்கும் படத்தை 2004இல் ஒரு மருத்துவ இதழில் போட்டார். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு அந்த வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், இவருக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் என் வீட்டுக்காரருக்குத் தொப்பை மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்து அவரையும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.

எடையைவிட இடுப்புதான் முன்னால் போகிறது. குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய புதுமண்டபத்துத் தையற்காரர் ஒருவரிடம் ஜாக்கெட் பிடிக்கக் கொடுத்தேன். அவர் பக்கத்தையலைப் பார்த்துவிட்டு, "இது மூணு தடவை பிரிச்சுவிட்ட ஜாக்கெட்டும்மா, இப்பத்தான் முதத் தடவையா பிடிக்கச் சொல்றீங்க" என்றார். உள்ளே பழைய நூல் தடம் மூன்று வரிசையாகத் தெரிந்தது, 2015, 2018, 2021.

12 பிப்ரவரி 2025

நேற்று தைப்பூசம், தெப்பத் திருவிழா. நாலு நாளாகக் குளக்கரையில் கடைகளும் கூட்டமும், நடக்க இடமில்லை. நேற்று ராத்திரி அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் சுற்றியதை எல்லாரும் கரையில் நின்று பார்த்தோம். கையில் ஒரு டம்ளர் பருத்திப்பால். கருப்பட்டி போட்டது, முழுசாகக் குடித்தேன், சிட்டையில் இருக்கிறது.

அந்த 800 கலோரித் தங்கை எழுதியிருக்கிறார். ரத்தசோகைக்கு மருந்து எடுத்து இப்போது வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாராம். ஏழு மாதமாகத் தினமும் பார்த்தேன் தங்கச்சி.

3 ஏப்ரல் 2025

ஆறு வாரமாக 71.6, 71.8, 71.5, 71.7, 71.6, 71.7. போன வருடமாக இருந்தால் சப்பாத்தியில் ஒன்றைப் பிடுங்கியிருப்பேன். இப்போது சிட்டையைத்தான் பார்க்கிறேன். பிப்ரவரியில் இருந்து எண்ணெய் ஊற்றுவது அத்தை. என் கை மாறி அவர் கை வந்திருக்கிறது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நாலு நாள் யோசித்தேன். 74 வயது, ஊற்றிச் சமைத்துப் போடுவதுதான் அவருக்குப் பிரியம் காட்டும் வழி.

5 ஏப்ரல் 2025

நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மகள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் கோடு கிழித்துக் கொடுத்து, "அப்பத்தா, இது வரைக்கும் ஊத்தினா அம்மாவுக்கு, இதுக்கு மேல ஊத்தினா விளக்குக்கு" என்றிருக்கிறாள். அத்தை காலையில் அந்தக் கோட்டுக்குக் கண்ணை இறக்கி வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். மிச்சத்தை விளக்கில் விட்டார்.

14 மே 2025

அழகர் ஆற்றில் இறங்கி மூன்றாம் நாள். ஊர் இன்னும் ஓயவில்லை. சராசரி 71.2. பதினைந்து மாதத்தில் 7.2 கிலோ, மாதத்துக்கு அரை கிலோகூட இல்லை. இதே வேகத்தில்தான் போகும் என்று தெரிகிறது, போகட்டும். ஜூனில் அடுத்த ரத்தப் பரிசோதனை.

இன்று காலை புதிதாக வந்த ஒருவர், மூன்று மாதம் ஓடியும் ஒன்றரை கிலோதான் என்று, நான் போன ஜூனில் எழுதியதைப் போலவே எழுதியிருக்கிறார். ஸ்டீராய்டு, இன்சுலின், வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை இதில் ஏதாவது எடுக்கிறீர்களா என்று முதலில் சொல்லுங்கள். இவற்றில் சில எடையை ஏற்றும், டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். அப்புறம் மளிகைக் கடைச் சீட்டு மூன்று மாதத்துக்கு உள்ளது இருந்தால் எடுத்து வையுங்கள். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், வீட்டில் எத்தனை பேர், எத்தனை விளக்கு?